சந்திரபுரியின் காற்று

வேலாயுதத்துக்கு நிலாப் பைத்தியம் பிடித்தது 1969ஆம் வருஷம், ஆடி மாதத்தில். நிலாவில் மனிதன் கால் வைத்துவிட்டான் என்று ரேடியோ சொன்னபோது வேலாயுதம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தான். நெய்தது நெய்தபடி இருக்க, எழுந்து வாசலுக்கு ஓடி, காலை வெயிலில் வானத்தை அண்ணாந்து நிலாவைத் தேடினான். அன்று முதல் அவன் பேச்செல்லாம் மேலோகத்துப் பேச்சுதான். "அங்க போய் மனுசன் குடியேறினான்னு வெய்யி, காத்துக்கு இன்னா பண்ணுவான்?" என்று பால்காரரை வழிமறித்துக் கேட்பான். பால்காரருக்குத் தண்ணீரைப் பற்றிய கவலையே போதுமானதாக இருந்தது.

அவன் மனைவி தில்லையம்மாள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பிளைக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்துத்தான் தீரும்; சீட்டாட்டம் பிடிக்காமல் நிலா பிடித்ததே, முருகா, உனக்குப் புண்ணியம் என்று இருந்துவிட்டாள். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது வேல்நகர்க் கவலை.

காஞ்சிபுரத்துப் பெரிய தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. பிள்ளைகள் பெருகினார்கள், தறிகள் பெருகின, தெரு மட்டும் பெருகவில்லை. பாவு நூலை நீட்டி விரிக்க இடமில்லாமல் காலையில் அண்ணன் தம்பிக்குள் கைகலப்பு, சாயங்காலம் பஞ்சாயத்து என்று ஆனது. கடைசியில் தம்பிமார் குடும்பங்களாக அறுபது வீடு கிளம்பி, ஐயம்பேட்டைச் சாலையில் முள்ளை வெட்டி மேட்டைச் சரித்துக் குடியேறியது. அதுதான் வேல்நகர். போன புதிதில் அங்கே தண்ணீர் கிடையாது, விளக்கு கிடையாது, பாம்பு மட்டும் தாராளம். கிணறு வெட்டி, வேம்பு வைத்து, அவர்களே அதை ஊராக்கினார்கள்.

ஊராக்கி என்ன? நூல் பெரிய தெருவிலிருந்துதான் வர வேண்டும். பட்டும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்தின் கையில், சங்கமோ பெரிய தெருவின் மடியில். அங்கே கொடுத்தது போக மிச்சம் மீதிதான் இங்கே. முகூர்த்த மாதத்தில் பெரிய தெருத் தறிகள் லொடக் லொடக்கென்று ஓடும். வேல்நகரில் பாவில்லாத தறியின் மேல் பூனை தூங்கும். நெய்த சேலையும் பெரிய தெரு முத்திரை குத்தித்தான் வெளியே போகும். நிலாவில் கால் வைத்ததற்கு முந்தின வருஷம் டெல்லிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய அரக்குச் சேலை, மயில் கழுத்துக் கரை போட்டது, தில்லையம்மாள் உட்கார்ந்து நெய்த சேலை. பரிசு பெரிய தெருவின் பேரில் வந்தது. மேடை ஏறிப் பொன்னாடை போர்த்திக்கொண்டவர் சங்கத் தலைவர் பரமசிவம். அவர் தில்லையம்மாளின் கூடப்பிறந்த அண்ணன்.

ஆகவே வேல்நகர்க்காரர்கள் தனிச் சங்கம் கேட்டார்கள். சலுகை கேட்கவில்லை. எங்கள் நூலை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், எங்கள் சேலையில் எங்கள் ஊர் பேரைப் போட்டுக்கொள்கிறோம், விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். அரசாங்க அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். தாய்ச் சங்கம் உங்களை விடுவித்ததாக ஒரு தீர்மானம் போடட்டும், மறுநாளே பதிவு செய்து தருகிறேன் என்றார். அந்தத் தீர்மானம்தான் வருவேனா என்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் பரமசிவம் தலையைத் தடவிக்கொண்டு, "அடுத்த வாட்டி பாக்கலாம்பா" என்பார்.

தில்லையம்மாள் நேரிலேயே போய்க் கேட்டுப் பார்த்தாள்.

"இன்னாம்மா தில்ல, ஒரே சட்டில சோறு துன்னவதானே நீ. இப்போ தனி அடுப்பு கேக்குதா?" என்றார் அண்ணன்.

"தனி அடுப்பு வெச்சாத்தானே அண்ணா, உன்ன ஒரு நாளு விருந்துக்குக் கூப்பிட முடியும்?"

அவர் கடகடவென்று சிரித்தார். ஒரு சொம்பு மோர் கொடுத்து, தலையில் வைத்துக்கொள்ளக் கனகாம்பரம் கொடுத்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினார். தீர்மானத்தை மட்டும் கொடுக்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் தில்லையம்மாளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். கெட்டவனோடு சண்டை போடலாம். பாசத்தைக் காட்டிக் கட்டிப்போடுகிறவனை எந்தப் பக்கமிருந்து அடிப்பது?

இந்த நிலைமையில்தான் 1970ஆம் வருஷத்து வைகாசி விசாகம் வந்தது.

விசாகத்தன்று பெரிய தெரு முருகன் கோயில் வாசலில் நாடகம் போடுவது மூன்று தலைமுறை வழக்கம். நடிப்பது பெரிய தெருவும் வேல்நகரும் சேர்ந்துதான். மறுநாள் விடிந்தால் தறியில் உட்கார வேண்டியவர்கள் என்பதால் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் மங்களம் பாடிவிடுவார்கள். வள்ளி தெய்வயானையோடு உற்சவர் எழுந்தருளி, மேடைக்கு நேர் எதிரே பந்தலில் அமர்ந்து முழு நாடகத்தையும் பார்ப்பார். ஜனங்கள் அவருக்கு இரண்டு பக்கமும் பின்னாலும் உட்கார்வார்கள்.

சுவாமியே உட்கார்ந்து பார்க்கிற மேடை என்பதால் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ராஜா வேஷம் பரமசிவத்தின் குடும்பத்துக்கே உரியது. கற்பூரம் காட்டி முடியும் வரை வேஷத்தைக் கலைக்கக் கூடாது. மங்களம் பாடாமல் கற்பூரம் ஏற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: கடைசியில் ராஜா வரம் கொடுக்கிற வசனத்தை ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லவே கூடாது. முருகன் முன்னால் சொல்வது நாடக வசனமே ஆனாலும் வாக்கு. வாக்கை யாராவது ஒத்திகை பார்ப்பார்களா? அந்த இடம் வந்ததும், "இங்க வரம்" என்று சொல்லிவிட்டு மங்களத்துக்குத் தாவிவிடுவார்கள்.

இதெல்லாம் வெறும் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். பரமசிவத்தின் தகப்பனார் சபாபதி ஒரு வருஷம் ராஜாவாக வந்து, "நமது நந்தவனத்துக் கிணறு இன்று முதல் குடிமக்களுக்கே" என்று கதைப்படி வரம் கொடுத்தார். கொடுத்தவர் மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டுத் தோட்டத்து மதிலை இடித்து, தன் கிணற்றைத் தெருவுக்குத் திறந்துவிட்டார். "கூத்துல சொன்னதுதானே, அதுக்குப் போய் செவுத்த இடிப்பாங்களா?" என்று மனைவி அழுதாள். "கூத்துல சொன்னேன். யாரு முன்னால சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு மிச்சச் சுவரையும் இடித்தார். அதற்குப் பெயர் நாடகக் கிணறு. பெரிய தெருவில் பாதி வீடு இன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தான் சாதம் வடிக்கிறது.

அந்த வருஷம் கதை எழுதுவது வேல்நகரின் முறை. வேலாயுதம் எழுதினான். நிலாவைத் தவிர அவனுக்கு வேறு என்ன எழுத வரும்? 'சந்திரபுரி' என்று தலைப்பு. பூமியிலிருந்து போன நெசவாளர்கள் நிலாவில் ஓர் ஊர் கட்டி வாழ்கிறார்கள். அங்கே காற்று கிடையாது. பூமியிலிருந்து ஒரு பெரிய குழாய் வழியாகக் காற்று போகிறது. குழாயின் திருகு பூமண்டலச் சக்கரவர்த்தியின் கையில். நிலாக்காரர்கள் வெயிலில் இழை பிரித்து ஒளிப்பட்டு நெய்து பூமிக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் ஒரு நாள், எங்கள் காற்றை நாங்களே உண்டாக்கிக்கொள்ளக் கற்றுவிட்டோம், எங்கள் ஊரை நாங்களே ஆண்டுகொள்கிறோம் என்று விடுதலை கேட்கிறார்கள். காற்று உண்டாக்கும் கருவியை நடுவதற்குச் சக்கரவர்த்தியின் அனுமதி வேண்டும். அவர் சினந்து திருகை மூடப் போகிறார். சந்திரபுரித் தலைவன் உருக்கமாகப் பேசுகிறான். சக்கரவர்த்தி மனமிரங்குகிறார். இங்கே வரம். பிறகு மங்களம்.

வேலாயுதம் இதைச் சூதாக எழுதினானா என்றால், இல்லை. அவனுக்குச் சூது தெரிந்திருந்தால் பால்காரரிடம் பால் வாங்கியிருக்க மாட்டான். அவன் நிலாவை நினைத்து எழுதினான், அவ்வளவுதான். எழுதியதைப் படித்துப் பார்த்த தில்லையம்மாளுக்கு என்ன தோன்றியது என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம். அவள் படித்து முடித்து, "நல்லா இருக்குது. ஒரு எழுத்தும் மாத்தாத" என்று மட்டும் சொன்னாள்.

பரமசிவத்துக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்கப்பா வெறும் ஒரு நாட்டுக்கு ராஜா. நான் உருண்ட பூமிக்கே ராஜாடா!" என்று பெரிய தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நிலாவின் வானத்தில் தொங்கவிடுவதற்குப் பூமி வேண்டும் என்றதும், தன் வீட்டு முறத்தைக் கொடுத்து நீல வர்ணம் அடிக்கச் சொன்னார். நிலாக்காரர்கள் தலையில் கவிழ்த்துக்கொள்ள வெற்றிலைக் கூடைக்கு ஜிகினாத் தாள் ஒட்டினார்கள். காற்றைக் காட்டுவதற்கு ஒரு யோசனை செய்தான் வேலாயுதம். மேடையின் ஓரத்தில் மூங்கில் குழாய். குழாய்க்குப் பின்னால் ஒரு மேஜை மின்விசிறி. குழாயின் வாயில் வெள்ளைப் பட்டு நாடாக்கள். விசிறி ஓடினால் நாடாக்கள் பறக்கும், காற்று வருகிறது என்று அர்த்தம். நிறுத்தினால் தொங்கிவிடும். பெரிய தெருவில் மேஜை விசிறி இருந்தது ஒரே ஒரு வீட்டில். அதையும் பரமசிவமே சந்தோஷமாகக் கொடுத்தார். சங்கத்துக் காவலாளி துரைக்கண்ணுவை அதைப் போடவும் நிறுத்தவும் உட்கார வைத்தார்.

தில்லையம்மாளின் இடம் தட்டிக்குப் பின்னால். எட்டாவது வரை படித்தவள் என்பதால் வருஷா வருஷம் வசனம் எடுத்துக் கொடுப்பது அவள்தான். அந்த மேடையில் பெண்பிள்ளை ஏறக் கூடாது. பெண்பிள்ளையின் குரல் ஏறலாம், அதுவும் கிசுகிசுப்பாக.

விசாகத்தன்று தெரு கொள்ளாத கூட்டம். மாகறலிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வேல்நகர் முழுசும் சுவாமிக்கு இடது பக்கம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. முன்னால் தில்லையம்மாளின் அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணி, இடுப்பில் ஒன்றும் மடியில் ஒன்றுமாக. திரை விலகி நீல முறம் வானத்தில் தொங்கியதைக் கண்டதும் ஜனங்கள் கைதட்டினார்கள். மேலே பார்த்தால் நாம் இருக்கிற ஊர்! வேலாயுதம் ஜிகினாக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "அதோ, நம் பாட்டன் பிறந்த மண்" என்று முறத்தைக் காட்டினான். தில்லையம்மாளும் தட்டியின் இடுக்கு வழியாக அந்த முறத்தைப் பார்த்தாள். பெரிய தெருவை அவள் அப்படித்தான் வேல்நகர் வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பாள். ஆசையும் இருக்கும், ஆத்திரமும் இருக்கும்.

பரமசிவம் வந்தார். கண்ணாடி பதித்த கிரீடம், புஜகீர்த்தி, காலில் சலங்கை. அவர் நடையும் குரலும் ராஜாவுக்கென்றே பிறந்தவை. சந்திரபுரிக்காரர்கள் விடுதலை கேட்டார்கள்.

"யாம் அனுப்பும் காற்றிலே மூச்சு விட்டுக்கொண்டு, எம்மிடமே விடுதலை கேட்கிறீர்களா? யாரங்கே! காற்றின் திருகை மூடு!" என்று அவர் கர்ஜித்தபோது பந்தல் கம்பே அதிர்ந்தது.

துரைக்கண்ணு விசிறியை நிறுத்தினான். நாடாக்கள் தொங்கின. வேலாயுதம் தன் நீண்ட உருக்கமான வசனத்தைப் பேசினான். நன்றாகவே பேசினான், பெரிய தெருப் பெண்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கதைப்படி இனி சக்கரவர்த்தி மனமிரங்க வேண்டும். பரமசிவம் ஒரு கையைத் தூக்கினார். சுவாமியை நோக்கித் திரும்பினார். வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

வசனம் மறந்துவிட்டது என்று தில்லையம்மாள் நினைத்தாள். "சந்திரபுரிக்கு விடுதலை தந்தோம்" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அவர் காதில் விழவில்லை போலிருந்தது. "விடுதலை தந்தோம்" என்றாள் சற்று உரக்க. முன்வரிசைக்கே கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள்.

சக்கரவர்த்தி தொண்டையைக் கனைத்தார். "யாரங்கே! காற்றின் திருகை மூடு!" என்றார் மறுபடியும்.

துரைக்கண்ணு ஏற்கெனவே மூடியிருந்ததால், ஒரு தடவை போட்டு ஒரு தடவை நிறுத்தினான். வேலாயுதம் திகைத்துப்போய், வேறு வழி தெரியாமல், உருக்கமான வசனத்தை முதலிலிருந்து பேசினான். முடித்ததும் சக்கரவர்த்தி மூன்றாம் முறையாகத் திருகை மூடச் சொன்னார். இப்போது கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. மாகறல்காரர் ஒருவர், இது விடியும் வரை நடக்கும் போலிருக்கிறது என்று துண்டை விரித்துச் சாய்ந்துவிட்டார்.

வேலாயுதம் கூடைக்குள்ளிருந்து கிசுகிசுத்தான். "மச்சான், அடுத்த வசனம்!"

"அடுத்த வசனம் எனக்குத் தெரியும்டா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பரமசிவம். "அது வசனம் இல்ல. எல்லாரும் சேந்துக்கினு சாமி முன்னால என் வாயப் புடுங்கப் பாக்கறீங்க."

தட்டிக்குப் பின்னால் இருந்த தில்லையம்மாளுக்கு அது தெளிவாகக் கேட்டது. வசனம் மறக்கவில்லை. நாடகக் கிணற்றைத் திறந்துவிட்டவரின் மகனுக்கு, ஒத்திகையில் ஒரு நாளும் வாயால் சொல்லாத அந்த வார்த்தை, முருகன் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்னவென்று உறைத்திருக்கிறது. இங்கே சந்திரபுரியை விட்டால் அங்கே வேல்நகரையும் விட வேண்டும். அதனால்தான் அண்ணன் நடுங்குகிறார்.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. விளையாட்டுக்குக் கூட எங்களை விட மனசு வரவில்லையா உனக்கு? பிறகு இன்னொன்று உறைத்தது. சாமி முன்னால் சொன்னது வாக்கு என்றால், விடுதலை தருவது மட்டுமா வாக்கு? மூன்று முறை திருகை மூடச் சொன்னாரே, அது?

தில்லையம்மாள் வசனக் காகிதங்களைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தட்டியை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. வேஷம் இல்லை, பவுடர் இல்லை, வீட்டில் கட்டுகிற சுங்குடிச் சேலை. மூன்று தலைமுறையில் அந்த மேடையில் ஏறிய முதல் பெண்பிள்ளை அவள்தான்.

பரமசிவத்துக்கு முகம் கறுத்தது. ஆனால் வேஷத்தில் இருக்கிறவர் வேஷத்தை விட முடியாதே. "யார் நீ?" என்றார் ராஜா குரலில்.

"சந்திரபுரியில குடியிருக்கிறவ" என்றாள் தில்லையம்மாள். ராஜா பாஷை அவளுக்கு வராததல்ல. வேண்டாம் என்று விட்டாள். "சக்கரவர்த்திய ஒண்ணு கேக்கணும். திருக மூடிட்டீங்களா?"

"மூடியாயிற்று!"

"மூணு வாட்டி சொன்னீங்க. சாமி கேட்டுக்கினு இருக்குது. நெசமா மூடியாச்சுதானே?"

"ஆயிற்று என்றேனே!"

"அப்ப சரி" என்றாள். "காத்து இல்லாம நாங்க எப்பிடிப் பேசறது? செத்துப் பூடறோம்."

சொல்லிவிட்டு மேடையின் நடுவில், சுவாமிக்கு நேராகத் தலை வைத்து, மல்லாந்து படுத்தாள். சேலையைக் காலில் ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

வேலாயுதம் ஒரு நொடி முழித்தான். பிறகு, அந்த நிலாவில் நனைந்த மூளைக்கும் விஷயம் எட்டி, கூடையோடு சாய்ந்தான். சந்திரபுரி வேஷக்காரர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அதன் பிறகு நடந்ததைத் தில்லையம்மாள் பார்க்கவில்லை, கேட்டாள். இடது பக்கத்தில் முதலில் கிருஷ்ணவேணியின் வளையல் சத்தம். அப்புறம் பாய்கள் சரசரவென்று. அப்புறம் முனகல், இருமல், குழந்தைகளை அதட்டிப் படுக்க வைக்கிற சத்தம். வேல்நகர் முழுசும், அறுபது வீடும், பாயிலேயே படுத்துக்கொண்டுவிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

தெருவே அடங்கிவிட்டது. பெரிய தெருக்காரர்கள்கூட மூச்சு விட யோசித்தார்கள். மேடையில் நின்றுகொண்டிருந்தது ஒருவர் மட்டும்தான்.

சலங்கை இரண்டு எட்டு அந்தப் பக்கம் போயிற்று, திரும்பி வந்தது.

"குருக்களே, கற்பூரம் ஏத்திடுங்க. நாடகம் முடிஞ்சிபோச்சி" என்ற அண்ணனின் குரல் கேட்டது. ராஜா குரல் இல்லை அது.

பந்தலிலிருந்து உமாபதி குருக்கள் பதில் சொன்னார். "மங்களம் பாடாம எப்படி ஏத்தறது, பரமசிவம்? மங்களம் பாட வேண்டியவா எல்லாம் செத்துக் கிடக்காளே. சுவாமி பாத்துண்டிருக்கார். கொலையோட முடிஞ்ச நாடகம் இந்த மேடையில உண்டா?"

சலங்கை மறுபடி அலைந்தது. பிறகு பக்கத்தில் வந்து நின்றது. அரிதாரமும் வியர்வையும் கலந்த வாசனை. அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. புஜகீர்த்தி தரையில் இடித்தது.

"தில்ல, எழுந்திரும்மா. சனம் பாக்குது."

அவள் அசையவில்லை.

"சரி, கேளு. இனிமே நூலு வந்தா மொதல்ல வேல்நகருக்கு. அப்புறந்தான் எங்களுக்கு. போதுமா?"

அவள் அசையவில்லை.

"முத்திரையில உங்க ஊரு பேரையும் சேத்துப் போடலாம். பெரிய தெரு மேல, வேல்நகர் கீழ. இன்னா சொல்ற?"

இடது பக்கத்துப் பாயிலிருந்து ஒரு பிணம் பேசிற்று. "செத்தவங்ககிட்ட பேரம் பேசினா எப்பிடிப்பா படியும்?" கிருஷ்ணவேணியின் குரல்.

பெரிய தெருப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பரமசிவம் சிரிக்கவில்லை. தில்லையம்மாளும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருந்தாள்? கண்ணோரத்தில் நீர் கோத்துக் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இதே அண்ணன் இதே மாதிரிப் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுந்திரும்மா, பொரி உருண்ட வாங்கித் தர்றேன்" என்றது நினைவுக்கு வந்தது. எழுந்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. இன்றைக்குப் பொரி உருண்டைக்கு எழுந்தால் வேல்நகர் இனி எந்தக் காலத்திலும் எழுந்திருக்காது. அரக்குச் சேலையை நினைத்துக்கொண்டாள். மயில் கழுத்துக் கரையை நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பிறகு சலங்கை எழுந்தது. நான்கு எட்டு வைத்து மேடையின் விளிம்புக்குப் போய் நின்றது.

"முருகா!" என்றார் பரமசிவம். அந்தக் குரலில் சக்கரவர்த்தி கொஞ்சமும் இல்லை. "நான் பெரிய தெரு சபாபதி மவன் பரமசிவம் பேசறேன். இந்தச் சனம் நம்ம வூட்டுச் சனம்னுதான் புடிச்சி வெச்சிக்கினு இருந்தேன். வேற கெட்ட எண்ணம் இல்ல, உனக்கே தெரியும். ஆனா புடிச்ச புடியில அதுங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு நான் பாக்கல. எங்கப்பா உன் முன்னால கெணத்தக் குடுத்தாரு. நான்..." குரல் உடைந்தது. "நான் குடுக்கலப்பா. குடுக்கறதுக்கு இது என்னுது இல்ல. நான் கைய எடுத்துட்டேன். வேல்நகரு அவங்களுது. அவங்க நூலு, அவங்க சேல, அவங்க பேரு. நாளிக்கே தீர்மானம் போடறேன். வாக்கு!"

பிறகு பெரிய தெருப் பக்கத்திலிருந்தே கைதட்டல் எழும்பியது. சபாபதியின் மகனல்லவா, என்று யாரோ கத்தினார்கள். அது பரமசிவத்தின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த வார்த்தை மறுபடியும் பந்தல் கம்பை அதிரவைத்தது.

"டேய் துரைக்கண்ணு! போடுடா காத்த!"

விசிறி ஓடியது. மூங்கில் குழாயின் வாயில் தொங்கிக்கொண்டிருந்த நாடாக்கள் படபடவென்று எழுந்து பறந்தன. பிணங்கள் எழுந்தன. கூடைகள் மேலே பறந்தன. வேல்நகர்ப் பாய்களில் விசில், குலவை, அழுகை, எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. அறுபது வீட்டு ஜனமும் எழுந்து நின்றது. முள் வெட்டிய கைகள், பாம்படித்த கைகள், டெல்லிக்கு அனுப்பிய சேலையை நெய்த கைகள், எல்லாக் கையும் முருகனைப் பார்த்துத் தலைக்கு மேலே குவிந்தன.

தில்லையம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். கேட்டபோது நெஞ்சில் ஏறிய பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேல்நகரை நினைத்தும் பெருமை, இத்தனை பேர் முன்னால் கையை எடுத்தேன் என்று சொன்ன அண்ணனை நினைத்தும் பெருமை. வாயைத் திறந்தால் ஓவென்று அழுதுவிடுவோம் என்று பயந்து, மூச்சை நிஜமாகவே அடக்கிக்கொண்டாள்.

பரமசிவம் ஓடிவந்து மண்டியிட்டார். கிரீடம் கோணிக்கொண்டு ஒரு காதின் மேல் சாய்ந்திருந்தது. அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தார்.

"தில்ல! அதான் சொல்லிட்டேனே! மூச்சு விடும்மா. எனக்குப் பயமா இருக்குதும்மா."

தில்லையம்மாள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இது இனிமே எங்க காத்து அண்ணா" என்றாள். "நாங்க எப்ப வேணும்னா விட்டுக்குவோம்."

முதலில் சிரித்தது பரமசிவம்தான். அரிதாரம் வழிய வழியச் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல், தானே தரையில் ஊன்றி எழுந்து நின்றாள். நின்ற பிறகு அண்ணனின் கிரீடத்தை நேராக்கிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக மங்களம் பாடினார்கள். உமாபதி குருக்கள் கற்பூரத்தை ஏற்றினார்.